பொன்முடிக்குப் போன பேராயர்

ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்னால் ஸ்லாவ் மக்களுக்கு வேதம் சொல்லப் போன ஒரு பேராயரை நான் பொன்முடி மலைக்கு வேனில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். வர மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. நான் எழுதிய எட்டுப் பக்கச் சொற்பொழிவுக்குள் மடங்கி, என் தோல்பைக்குள் இருந்தார்.

திருவனந்தபுரத்தில் எங்கள் சபைக்கு அப்போது நான் செயலாளர். என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் பக்தி காரணமில்லை. மலையாளம் எனக்கு அழகாக எழுத வரும், கூட்டக் குறிப்பு எழுத வேறு யாருக்கும் பொறுமை கிடையாது. எங்கள் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தது. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்று வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் தமிழன் என்று கேலியாக என்னைப் 'பாண்டி' என்று கூப்பிட்டார்கள். அதற்குப் பதிலாக அவர்களைவிட நல்ல மலையாளம் பேசுவது என்று தீர்மானித்தேன். ஐம்பது வயதைத் தாண்டியும் அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சபையில் பாதிப் பேர் என்னைப் போலத்தான். ஒருவர் வீட்டுச் சமையலறையில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று இன்னொருவர் கேட்பதில்லை. அப்படி ஒரு நாகரிகம் எங்களுக்கு.

பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த சின்ன ஆலயம் ஒன்று உண்டு. லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருப்பவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே தமிழில் ஆராதனை நடத்திக்கொண்டிருந்த உபதேசியார் ஓய்வு பெற்றதும், போதகரே போய் மலையாளத்தில் நடத்த ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் லயத்திலிருந்து, பிள்ளைகளை விட்டு மலையாளத்தில் எழுதவைத்த ஒரு கடிதம் வந்தது. வயசானவர்களுக்கு ஜெபம் புரியவில்லை, பழையபடி தமிழில் நடத்தித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

கமிட்டிக் கூட்டத்தில் போதகர் அந்தக் கடிதத்தை எடுத்து வைத்து, இங்கே தமிழ் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று மலையாளத்தில் கேட்டார். அவர் கோட்டயம் பக்கத்துக்காரர், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். அதில் ஆறு பேர் வீட்டில் தமிழ். அந்த ஆறு பேரும் மின்விசிறியைப் பார்த்தோம். அது சுற்றிக்கொண்டிருந்தது, பார்க்க வேறு விசேஷம் இல்லை. மாதம் ஒரு ஞாயிறு விடிவதற்கு முன் எழுந்து, எப்போதாவது வரும் பஸ்ஸுக்குக் காத்து நின்று, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவது யாரால் ஆகும்? 'சபையில் தமிழ் அறிந்தவர் எவரும் இல்லாததால் கோரிக்கையை இப்போது நிறைவேற்ற இயலவில்லை' என்று குறிப்பு எழுதினேன். அதையே பதில் கடிதமாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மலையாளத்தில்தான்.

நான்கு மாதம் கழித்து 'மிஷன் ஞாயிறு' வந்தது. எங்காவது போய் யாருக்காவது நற்செய்தி சொல்ல வேண்டும். கமிட்டி ரொம்ப நேரம் யோசித்து அந்தத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. எங்கள் சபையில் பல பேருடைய தாத்தாக்கள் திருநீறு பூசிக்கொண்டிருந்த காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பங்கள் அங்கே இருந்தன. ஆனாலும் வேன் போக ரோடு இருந்தது, குளிர்ச்சியான இடம், வழியில் கல்லாற்றில் இறங்கிக் குளிக்கலாம். நற்செய்திக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

லயத்துக்காரர்களுக்குக் கொடுக்க சோப்பும் நோட்டுப்புத்தகமும் வாங்கும் பொறுப்பு என்னுடையது. பழவங்காடியில் திருநெல்வேலிக்காரர் ஒருவருடைய கடைக்குப் போய், "அண்ணாச்சி, நம்ம ஊருக்காரங்களுக்குத்தான், பாத்துப் போடுங்க" என்றேன். பார்த்துத்தான் போட்டார். வாயில் தமிழ் அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

சொற்பொழிவும் என் தலையில்தான். அந்தப் பேராயரைப் பற்றி வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. அண்ணனும் தம்பியுமாகக் கிரேக்க ஊரிலிருந்து கிளம்பியவர்கள். தம்பி ஸ்லாவ் மக்களின் பேச்சுக்கு எழுத்தே உண்டாக்கினார். வேதமும் வழிபாடும் அந்த ஜனங்களின் சொந்த மொழிக்கு வந்தன. கடவுளைத் துதிக்க எபிரெயம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் போதும் என்று வாதாடிய பண்டிதர்களுக்கு அது பொறுக்கவில்லை. தம்பி இறந்தபின் அண்ணன் பேராயராக வந்ததும், பக்கத்து நாட்டு ஆயர்கள் அவரைப் பிடித்து இரண்டரை வருஷம் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்தவர் மறுபடி அதே வேலையைப் பார்த்தார். ஒவ்வொரு மனிதனுக்கும் அவன் தாய்மொழியில் கடவுளிடம் பேச உரிமை உண்டு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். எழுதியது நல்ல சுத்தமான மலையாளத்தில்.

மலை ஏறினோம். கல்லாற்றில் இளைஞர்கள் குளித்துப் படம் எடுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனதால், ஜனங்கள் ஆலயத்தில் அதுவரை காத்திருந்தார்கள். நான் நாற்பது நிமிஷம் பேசினேன். எங்கள் இளைஞர்கள் கைபேசியில் இருந்தார்கள். லயத்துக்காரர்கள் மட்டும் அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளம் உருகுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

முடிந்து வெளியே பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாள் பக்கத்தில் வந்தார். கொழுந்து பறிப்பவர், ஆலயத்தில் பாட்டைத் தொடங்குபவர். என் வயதுதான் இருக்கும். மலையாளம் காதால் கேட்டால் புரியும், வாசிக்க வராது.

"சார், அந்தப் பேராயரு அந்த ஜனங்க பாஷைய எங்க போயி படிச்சாரு?"

அத்தனை பேரில் ஒரே ஒரு ஆள் கேள்வி கேட்கிறார். அந்தப் பூரிப்பில் எந்த மொழியில் பதில் சொல்கிறேன் என்று நான் கவனிக்கவில்லை. "படிக்கவே வேண்டாம். அவரு பொறந்த ஊரச் சுத்தி அந்த ஜனங்கதான். சின்னதுலயே நல்லாத் தெரியும்."

"தெரியும்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டாரோ?"

"பின்ன? சொல்லாம எப்படி அனுப்புவாங்க?"

"பாவம்" என்றார் அந்த அம்மாள். முகத்தில் சிரிப்பே இல்லை. "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஜெயிலுக்குப் போகாம வீட்டோட இருந்திருக்கலாம்."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அவர் பாட்டுப்புத்தகம் வைத்திருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "இது சபையிலருந்து வந்துச்சு. மலையாளத்துல இருக்கு. எங்க பிள்ளைங்க வாசிச்சுச் சொல்லுச்சுங்க, ஆனா அதுங்க சொன்னத எங்களுக்கு நம்ப முடியல. நீங்க வாசிச்சுத் தமிழ்ல சொல்லுங்க."

அழகான கையெழுத்து. எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். அதற்குள் சுற்றி ஏழெட்டுப் பேர் வந்து நின்றுவிட்டார்கள். எனக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லலாம், ஆனால் அதையும் தமிழில்தான் சொல்ல வேண்டியிருக்கும். வாசித்தேன். "சபையில தமிழ் தெரிஞ்சவங்க யாரும் இல்லாததுனால, உங்க கோரிக்கைய இப்ப நிறைவேத்த முடியல." கீழே யார் கையெழுத்து என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

"அப்ப பிள்ளைங்க சரியாத்தான் வாசிச்சிருக்குங்க" என்றார். காகிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். "எங்க அத்தை படுக்கையில கெடக்காங்க, சார். போதகர் அச்சன் வந்து மலையாளத்துல ஜெபம் பண்ணினா, யாரத் திட்டுதாருன்னு கேக்குதாங்க. நீங்க வந்து ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் லயத்துக்குள் போனேன். அவருடைய மாமியார் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என் அம்மா இறந்ததற்குப் பிறகு நான் தமிழில் வாய்விட்டு ஜெபித்ததில்லை. நடுவில் இரண்டு இடத்தில் வார்த்தை கிடைக்காமல் நின்றேன். ஆமென் சொன்னதும் அந்தப் பெரியம்மாள் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார்.

"புது உபதேசியாரா?"

மருமகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாம்மா" என்றேன்.

"எந்த ஞாயித்துக்கெழம வருவிய?"

அடுத்த கமிட்டியின் குறிப்பில், 'தோட்டத்து ஆலயத்துக்குத் தமிழ் அறிந்தவர் ஒருவர் கிடைத்துள்ளார்' என்று எழுதி, அதைச் சத்தமாக வாசித்தேன். போதகர் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, யார் அது என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். மற்ற ஐந்து பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.