மைசூரில் எந்தப் பக்கம் தங்குவது

ராஜமேரி பிறந்ததிலிருந்து எதையும் நேராகக் கேட்டதில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோலத்தான் பேசுவாள். அடுப்படிக்குப் புகைக்கூண்டு வேண்டுமென்றால், எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "லூர்து மேரி வூட்டுல புகைக்கூண்டு வெச்சிருக்காங்க. அவளுக்கு இப்பல்லாம் கண்ணு எரியறதில்லையாம்" என்று எருமையிடம் சொல்வாள். எருமை கேட்டதோ இல்லையோ, அடுத்த மாதம் கொத்தனார் வந்துவிடுவார்.

அவளுக்கு வாய்த்த இன்னாசி நேர் எதிர். தேங்காய் உடைத்தாற்போலத்தான் பேச்சு. "வேணும்னா வேணும்னு சொல்லித் தொலையேன். மாட்டுக்கிட்ட ஏன் மனு குடுக்கற?" என்று கத்துவார். கத்திவிட்டுச் செய்துகொடுப்பார். கடத்தூருக்குப் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தோடு கொஞ்சம் நிலம், ஓட்டு வீடு, ஒரே பெண். ராஜமேரியின் குடித்தனம் இப்படித்தான், பாதி எருமையின் காது வழியாக, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

எண்பத்தாறாம் வருடம் கடலைக்காய் பிடுங்கி முடித்த சமயம் அது. ராஜமேரி எருமையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "மைசூரு அரண்மனைய ஒருதரம் கண்ணால பாத்துட்டா தேவலாம்" என்றாள்.

மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த இன்னாசியின் கை நின்றுவிட்டது. பக்கத்தில் இருக்கும் ஒகேனக்கல் அருவியைப் பார்க்க ஊரே வேன் பிடித்துப் போனபோது, "தண்ணி மேல இருந்து கீழ வுழுவுது, அதுல பாக்கறதுக்கு என்னா இருக்குது" என்று வீட்டிலேயே இருந்தவள் இவள். இவளுக்கு அரண்மனை எதற்கு?

எதற்கு என்று அவருக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். மைசூரில் அவர்கள் மகள் புஷ்பமேரி இருந்தாள்.

நர்ஸ் படிப்புக்கு அனுப்பிய பெண். படித்து முடித்து அங்கேயே வேலையும் கிடைத்து, மாதா மாதம் வந்துபோய்க்கொண்டிருந்தவள், ஒருநாள் சிவண்ணா என்கிற கன்னடத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அவன் வேற்று மதம், வேற்று சாதி, பேச்சும் வேறு. இன்னாசி தன் வழக்கப்படி நேராகவே பேசினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே மாதா கோயில் வாசலில் நிற்கும்போது, "எனக்கு மக இல்ல, செத்துட்டா" என்றார். வாயிலிருந்து விழுந்த வார்த்தையைத் திரும்பப் பொறுக்கி எடுக்க முடியாது. ரெண்டு வருடமாக அந்த வீட்டில் புஷ்பமேரியின் பேரைச் சொல்வாரில்லை. ராஜமேரி மட்டும் ஜெபமாலை சொல்லும்போது கடைசியில் வாய்க்குள்ளேயே ஒரு பேரைச் சேர்த்துக்கொள்வாள். இன்னாசி அப்போது துண்டை உதறுவார், இருமுவார், வெளியே போய்விடுவார்.

பட்டுக்கூடு விற்க மைசூர்ப் பக்கம் போய்வரும் ஞானராஜ்தான் சேதி கொண்டுவந்தான். மார்க்கெட்டில் புஷ்பமேரியைப் பார்த்தானாம். "ஏழாம் மாசம் நடக்குதுக்கா. ஆளு எளச்சிருக்குது. 'அம்மா நல்லாருக்குதா மாமா'ன்னு கேட்டுட்டு அழுதுபோட்டுது" என்றான். இதை ராஜமேரியிடம் சொன்னதாகத்தான் பேர். இன்னாசி கேட்கும் தூரத்தில் நின்று, குரலைக் கொஞ்சம் ஏற்றித்தான் சொன்னான்.

ஏழாம் மாதம் என்றால் எங்கள் பக்கத்தில் தாய்வீட்டிலிருந்து கட்டுச்சோறு போக வேண்டும். வேதக்காரராக இருந்தாலும் இந்துவாக இருந்தாலும் அது ஒன்றுதான். அஞ்சு வகைச் சோறு கிளறி, இலையில் கட்டி, பெற்றவள் தன் கையால் கொண்டுபோய் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஊட்டிவிட வேண்டும். அது போகாத பெண்ணை யாருமற்றவள் என்பார்கள். தன் மகளை அப்படி நாலு பேர் சொல்வார்களே என்பதுதான் ராஜமேரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. சாவதற்குள் மைசூர் போகவேண்டும் என்றில்லை, இந்த மாதத்துக்குள் போகவேண்டும்.

எருமையின் முதுகு மூன்று நாள் தேய்ந்தபின், "சரி, போலாம். அரண்மனையப் பாத்துட்டு வந்துரலாம்" என்றார் இன்னாசி. அரண்மனை என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

அப்புறம் ஆரம்பித்தது எங்கே தங்குவது என்ற பேச்சு. ரெண்டு நாள் தங்கப்போகும் இடத்துக்குப் பதினஞ்சு நாள் யோசித்த மனுஷனை இந்த ஜில்லாவில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

முதலில் பஸ் டிரைவர் கோவிந்தனைக் கேட்டார். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே எடுத்துக்குங்கண்ணா. எறங்கனோமா, படுத்தோமா, ஏறனோமான்னு இருக்கும்" என்றான் அவன். பள்ளிக்கூடத்துத் தெரசா டீச்சரைக் கேட்டார். அரண்மனைப் பக்கம் தங்கினால் ஞாயிற்றுக்கிழமை விளக்குப் போடுவதைப் பார்க்கலாம் என்றார் டீச்சர். ஞானராஜைக் கேட்டார். அவன் முகத்தை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "பிலோமினம்மா கோயில் பக்கந்தான் மாமா நல்ல ஏரியா. தண்ணி தேனாட்டம் இருக்கும்" என்றான். புஷ்பமேரி குடியிருந்தது அந்தப் பக்கம்; மார்க்கெட்டிலிருந்து அவள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசல் வரை போய்வந்தவன் அவன்.

அவ்வளவுதான். தண்ணீர் விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. கேட்டவர்களும் சொன்னார்கள், கேட்காதவர்களும் சொன்னார்கள். டீச்சரே மறுநாள் வந்து, யோசித்துப் பார்த்ததில் கோயில் பக்கம்தான் காற்றோட்டம் என்றார். தருமபுரியைத் தாண்டி ஒரு நாளும் போகாத கஸ்பார் கிழவர்கூட, டீக்கடை பெஞ்சில் இருந்தபடி, "மைசூர்ல கோயில் பக்கம் தங்காதவன் மைசூரே பாக்காதவன்" என்று அடித்துச் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஊர் வாய்தான் ரெண்டு வருடம் முன்னே இன்னாசி சொன்னதற்குத் தலையாட்டியது. இப்போது அதுவே அவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

ஆனால் இன்னாசி ஒவ்வொருவரிடமும், ஞானராஜிடம் ரெண்டு மூன்று தரம், துருவித் துருவிக் கேட்பார். கோயிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, தெரு அகலமா குறுகலா, பக்கத்தில் என்ன கடை, ராத்திரி பயமில்லையா, கக்கூஸ் வசதி எப்படி. எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "அதெல்லாம் நமக்குச் சரிப்படாது. பஸ் ஸ்டாண்டு பக்கமே போதும்" என்று முடிப்பார். உள்ளே இருந்து கேட்கும் ராஜமேரி ஒவ்வொரு முறையும் கதவோரம் வந்து நின்றுவிடுவாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் தங்கிவிட்டு, அரண்மனையைப் பார்த்துவிட்டு, அப்படியே பஸ் ஏறிவிடுவாரோ? எருமையிடம்கூட அவளால் இதைக் கேட்க முடியவில்லை.

புறப்படும் நாள் கோழி கூவுமுன் எழுந்து சோறு வடித்தாள். புளிச்சோறு, எலுமிச்சம்பழச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு. அஞ்சையும் வாழையிலையில் கட்டி, தூக்குவாளி ஒன்றில் அடுக்கி, அதன்மேல் துண்டு ஒன்றைக் கட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்களே, இவள் சோற்றையே மறைக்கப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு இத்தினி?" என்றார் இன்னாசி.

"பஸ்ஸுல பசிச்சா திங்கலாமுங்க."

அவர் தூக்கைப் பார்த்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பெங்களூரில் பஸ் மாறும்போது பசி எடுத்தது. ராஜமேரி தூக்கை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னாசி எழுந்து போய் இட்லிப் பொட்டலம் ரெண்டு வாங்கிவந்தார். காசைக் கண்ணில் ஒற்றி எடுத்து வைக்கிற ஆள் அவர். மடியில் அஞ்சு வகைச் சோற்றை வைத்துக்கொண்டு, காசு கொடுத்து வாங்கிய காய்ந்த இட்லியைப் புருஷனும் பெண்சாதியுமாகத் தின்றார்கள். தூக்கைத் திற என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவளும் கேட்கவில்லை. ஆனால் அவள் மனசுக்குள் அப்போது சின்னதாக ஒரு தைரியம் வந்தது.

அந்தத் தைரியம் மைசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் போய்விட்டது. இன்னாசி நேராக எதிரில் இருந்த லாட்ஜில் ஏறி, ரெண்டு நாளைக்குப் பணம் கட்டி, ரூம் எடுத்துவிட்டார். பையைக் கட்டிலில் வைத்தார். முகம் கழுவினார். ஜன்னலைத் திறந்து, பஸ்களின் இரைச்சலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொழுது மூன்று மணியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ராஜமேரி கட்டில் ஓரத்தில் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. ரூமில் எருமை இல்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"இப்பவே நாலு மணியாட்டம் ஆயிருச்சு. தயிர்ச்சோறு புளிச்சிரும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு நேராக ஒன்றைக் கேட்டது இதுதான்.

இன்னாசி ஜன்னலைச் சாத்தினார். "அரண்மனை சாத்தறதுக்குள்ள போவணும். கெளம்பு" என்றார். அவள் தூக்கைக் கட்டிலடியில் வைக்கப் போனாள். "அத எதுக்கு இங்க வெக்கற? எலி இருக்கும். எடுத்துக்க" என்றார்.

அரண்மனை பார்க்கச் சோற்றுத் தூக்கோடு போன ஜோடியை மைசூர் மகாராஜா காலத்திலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வாசல் வரை நடந்தார்கள். அந்தப் பெரிய வாசலுக்குப் பின்னால் மஞ்சள் வெயிலில் அரண்மனை மின்னிக்கொண்டு நின்றது. ராஜமேரி அதை ஒரு பார்வைதான் பார்த்தாள். இன்னாசி அந்த ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. ஜட்கா வண்டிக்காரன் ஒருவனைக் கைதட்டிக் கூப்பிட்டு, அரைக் கன்னடத்தில் பிலோமினம்மா கோயில் என்றார்.

வண்டியில் ராஜமேரி தூக்கை மடியில் சாயாமல் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் கோயிலின் இரட்டைக் கோபுரம் தெரிந்ததும் அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். கோயிலுக்குள் முட்டிபோட்டு நெடுநேரம் இருந்தார் இன்னாசி. எழுந்தபோது கண் சிவந்திருந்தது. அவள் பார்த்தும் பார்க்காதவள்போல இருந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் யாரிடமாவது தெருவை விசாரிப்பார் என்று நினைத்தாள். அவர் யாரையும் கேட்கவில்லை. கோயிலைச் சுற்றிக்கொண்டு இடது கைப்பக்கம் திரும்பினார். மாவு மில்லைத் தாண்டினார். சைக்கிள் கடை முக்கில் ஒரு நிமிடம் நின்று, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு, குறுகலான சந்துக்குள் நுழைந்தார். தன் கழனி வரப்பில் நடப்பதுபோல நடந்தார்.

"உங்களுக்கு எப்பிடிங்க வழி தெரியும்?"

"லாட்ஜு விசாரிக்கறப்ப சொன்னாங்க" என்றார் திரும்பாமலே.

ராஜமேரிக்கு அப்போதுதான் புரிந்தது. பதினஞ்சு நாளாக ஊரெல்லாம் அவர் கேட்டது எதை என்று. சந்திலேயே நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு மூச்சு அழுது தீர்த்துவிட்டு, ஓடிப்போய் அவரோடு சேர்ந்துகொண்டாள்.

பச்சை பெயின்ட் அடித்த கதவு. தட்டியதும் திறந்தது புஷ்பமேரிதான். வயிறு நன்றாகத் தெரிந்தது, கழுத்து எலும்பு துருத்தியிருந்தது. ராஜமேரி தூக்கைக் கீழே வைத்துவிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள். ரெண்டு பேரும் வாசற்படியிலேயே தேம்பினார்கள். பெற்ற வயிறும் பிள்ளை இருக்கும் வயிறும் இடித்துக்கொண்டன. "இரு கண்ணு, இரு, சோறு கொண்டாந்திருக்கேன்" என்று ராஜமேரி அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இன்னாசி தெருவிலேயே நின்றிருந்தார். செத்துவிட்டாள் என்று தான் சொன்ன பெண்ணின் வாசலில் எந்தக் காலை எடுத்து வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

புஷ்பமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பாசமும் இருந்தது, ரெண்டு வருடக் கோபமும் இருந்தது. ஊரிலிருந்து வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டாள்:

"எங்க தங்கியிருக்கீங்க?"

ராஜமேரிக்குச் சுருக்கென்றது. பெற்ற அப்பனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. பஸ் ஸ்டாண்டு என்று சொல்லிவிடுவாரே என்று ராஜமேரி பயந்தாள். நேராகப் பேசுகிற மனுஷன், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

இன்னாசி தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் எடம் பாக்கலம்மா" என்றார். "பதினஞ்சு நாளா ஊர் பூரா விசாரிச்சேன். ஆளாளுக்கு ஒரு பக்கம் சொல்றாங்க. எங்க தங்கறதுன்னு எனக்கே புரியல. நீ சொல்லு சாமி, நாங்க அங்க தங்கிக்கறோம்."

பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் ரெண்டு நாளைக்குப் பணம் கட்டிய ரூமில் அவர்கள் பை கிடந்தது.

புஷ்பமேரி குனிய முடியாத வயிற்றோடு குனிந்து தூக்கை எடுத்தாள். கதவை இன்னும் அகலமாகத் திறந்து ஒதுங்கி நின்றாள்.

"செருப்ப உள்ள எடுத்து வெச்சிருங்கப்பா" என்றாள். "வெளிய வுட்டா காலைல இருக்காது."

இன்னாசி செருப்பைக் கழற்றினார். ரெண்டையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனார்.