பேசாத ஒட்டகம்

அன்றைக்கு மண்டபத்தின் பின்னறையில் இருந்தவர்கள்: பிறந்தநாள் குழந்தையின் அப்பா, ஐந்து வயதான அந்தக் குழந்தை, டெகரேஷன் காண்ட்ராக்டர், பலூன் கட்டும் அக்கா, வீடியோ எடுத்தவர், நான். ஆறு பேர். வேறு யாரும் இல்லை. ஒட்டகத்தை நான் எண்ணவில்லை. அதன் உடம்புக்குள் நான்தான் இருந்தேன், கழற்றிய அதன் தலையை என் இடுப்பில் வைத்திருந்தேன். நாளைக்கு யாராவது "நான் அங்கே இல்லையே" என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதில் நான் உயிராக நினைத்த கார்ட்டூன் ஒன்று உண்டு. பாலைவனத்தில் ஊர் ஊராகத் தண்ணீர் சுமக்கும் ஒரு மஞ்சள் ஒட்டகக்குட்டியின் கதை. சித்தூரில் எங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. கார்ட்டூனும் தெலுங்கில்தான் வரும். ஒட்டகத்துக்கு மட்டும் எந்த பாஷையும் கிடையாது. நரி பேசும், பல்லி பேசும், கிணறுகூடப் பேசும், ஒட்டகம் பேசாது. தினமும் நரி தண்ணீர்ப் பையில் ஓட்டை போட்டுவிட்டோ, ஊர்க்காரர்களின் பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டோ பழியை ஒட்டகத்தின் மேல் போடும். ஊரே திட்டும். ஒட்டகம் தலையைக் குனிந்து, நீளமான இமைகளை ஒரு தடவை மூடித் திறக்கும். அவ்வளவுதான். கடைசியில் காற்று அடிக்கும். மணல் விலகி நரியின் காலடித்தடம் தெரியும். எல்லோரும் ஓடிவந்து ஒட்டகத்தின் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். பாட்டு வரும். அந்தப் பாட்டுக்கு நான் ஒவ்வொரு நாளும் அழுவேன்.

இருக்கிற தண்ணீரைப் பங்கு போட வேண்டும், மெதுவாக நடப்பவர்களை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்றெல்லாம் அதில் பாடங்கள் இருந்தன. அவற்றால் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. கெடுத்தது அந்த மௌனம். நல்லவர்கள் வாயைத் திறக்கத் தேவையில்லை, உண்மை தானாக வெளியே வரும், வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இதை நான் வேதவசனத்தை நம்பியதுபோல நம்பினேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பிள்ளை நான். வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்ளத் தோன்றும். பேசாமல் இருந்தாலே ஜெயிக்கலாம் என்று ஒரு ஒட்டகம் சொன்னால் விடுவேனா?

எட்டாவது படிக்கும்போது டீச்சர் என்னை அனுப்பி உலக உருண்டையை எடுத்துவரச் சொன்னார். படிக்கட்டில் பள்ளிக் கமிட்டி மெம்பரின் மகன் பின்னாலிருந்து இடித்தான். உருண்டை கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. "யார் உடைச்சது?" என்று டீச்சர் தெலுங்கில் கத்தினார். நான் தலையைக் குனிந்தேன். இமையை மூடித் திறந்தேன். காற்றுக்காகக் காத்திருந்தேன். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தவிர வேறு காற்று வரவில்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா? அப்பாவைக் கூட்டிக்கினு வா. அதுவரைக்கும் கிளாசுக்குள்ள வராதே."

என் அப்பா, நைனா, அப்போது மாங்காய் ஃபேக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தார். சீசன் நேரத்தில் லீவு கேட்டால் வேலையே போய்விடும். அதனால் வீட்டிலும் நான் வாயைத் திறக்கவில்லை. தினமும் பையை மாட்டிக்கொண்டு போய் சர்ச் காம்பவுண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். விஷயம் தெரிந்தபோது நைனா அடிக்கவில்லை. "படிப்பு ஏறலன்னா வுடு, எங்கூட வா" என்றார். அந்த வருஷமே மாங்காய் வெட்டும் வரிசையில் நின்றேன். என் படிப்பு அங்கே முடிந்தது. என்னை இடித்தவன் இப்போது என்னவாக இருக்கிறான் என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

இப்போது புத்தலப்பட்டில் இருக்கிறேன். முகூர்த்தநாள், ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதிக்குப் போய் விசேஷ வேலை செய்கிறேன். சேரில் துணி கட்டுவேன், பலூன் ஊதுவேன். பிறந்தநாளில் பொம்மை டிரஸ் போட்டு நிற்க ஆள் வராவிட்டால் அதற்கும் போவேன். அந்த ஒட்டகம் இப்போது செல்போனில் மறுபடியும் பிரபலமாகிவிட்டது. குழந்தைகள் அதைத்தான் கேட்கிறார்கள். காண்ட்ராக்டர் ஒட்டக டிரஸ் ஒன்று தைத்து வாங்கினார். முதுகில் பெரிய ஸ்பாஞ்ச் திமில். உள்ளே போய்விட்டால் உட்கார முடியாது, குனிய முடியாது. மூக்குத் துளை வழியாகத்தான் பார்க்க வேண்டும். "ஒட்டகம் பேசக் கூடாது, பேசுனா பசங்க ஏமாந்துடுவாங்க" என்பது அவருடைய கட்டளை. எனக்கா சொல்ல வேண்டும்!

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு வந்திருந்தேன். பாஸ்டர் அம்மா கேட்டால் என்ன சொல்வது, ஜிப் சிக்கிக்கொண்டால் எப்படி வெளியே வருவது, கேக் மெழுகுவர்த்தி ஸ்பாஞ்சில் பட்டால் என்ன ஆவது என்று காலையிலிருந்து எனக்கு ஆயிரம் கவலை. நான் கவலைப்பட்ட எதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டோ எடுத்தார்கள். குழந்தையின் அப்பா தன் பெண்ணைத் தூக்கித் திமிலின் மேல் உட்கார வைக்க வந்தார். நான் இரண்டு கையையும் ஆட்டினேன், தலையை இப்படியும் அப்படியும் அசைத்தேன். "பாருடா, ஒட்டகம் டான்ஸ் ஆடுது!" என்று ஒருவர் சிரித்தார். காண்ட்ராக்டரும் சிரித்தார். வீடியோக்காரர் கிட்டே வந்து எடுத்தார். குழந்தை மேலே உட்கார்ந்தது, அப்பா என் தோளைப் பிடித்து ஆட்டினார், திமில் அடியோடு கிழிந்து தொங்கியது. குழந்தையைக் கீழே விடாமல் நான் பிடித்துக்கொண்டேன். அதை யாரும் பார்க்கவில்லை.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு பின்னறையில் தலையைக் கழற்றினேன். தலைமுடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. காண்ட்ராக்டர் உள்ளே வந்தார், பின்னாலேயே பில் பேச குழந்தையின் அப்பாவும், அவர் கையைப் பிடித்தபடி குழந்தையும்.

"இன்னாம்மா இது, இப்பிடி கிழிச்சிக்கினு வந்து நிக்கற?" என்றார் காண்ட்ராக்டர்.

"நானா அண்ணா?"

"பின்ன, நானா உள்ள இருந்தேன்? தைக்கறதுக்கு அறுநூறு ஆகும். உன் கூலி தொள்ளாயிரம். இந்தா முந்நூறு." நோட்டுகளை ஒட்டகத் தலையின் மேல் வைத்தார்.

நான் பழைய வேலையைச் செய்தேன். தலையைக் குனிந்தேன். சத்தியமாக, இமையைக்கூட மூடித் திறந்தேன். இத்தனை வயதுக்குப் பிறகும்! வீடியோக்காரர் கேமராவில் எல்லாம் இருந்தது. இவர்தான் என் காற்று என்று நினைத்து அவரைப் பார்த்தேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். பலூன் அக்காவைப் பார்த்தேன். அவள் உடைந்த பலூன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது அந்தக் குழந்தை சொன்னது, தெலுங்கில், தெளிவாக: "அப்பாதான் என்னை மேல உக்கார வச்சாரு. ஆட்டுனாரு. கிழிஞ்சிடுச்சு."

காற்று வந்துவிட்டது. மணல் விலகிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இனி எல்லோரும் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அப்பா சிரித்தார். காண்ட்ராக்டரும் சிரித்தார். "ரொம்ப சுட்டி சார் உங்க பொண்ணு" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "டிரஸ்ஸ கழட்டி மடிச்சி வச்சிட்டுப் போ மா" என்றார்.

அவ்வளவுதான். ஆறு பேருக்கும் உண்மை தெரியும். தெரிந்தும் ஒரு ரூபாய் இடம் மாறவில்லை. இதை அந்தக் கார்ட்டூன் எனக்கு ஒருநாளும் காட்டவில்லை. உண்மை தெரிந்த பிறகும் ஊர் பேசாமல் சாப்பிடப் போகும் என்று ஒரு கதையாவது போட்டிருக்கலாம். அதை எழுதினவர்களுக்கு மாசமானால் சம்பளம் ஒழுங்காக வந்திருக்கும். அவர்களுக்கு என்ன?

நான் வாயைத் திறந்தேன். சத்தம் பெரிதாக வந்தது.

"அண்ணா, கிழிச்சது நான் இல்ல. இவரு ஏத்தினாரு. நான் வேணாம்னு கைய ஆட்டுனேன். நீ பாத்த. பாத்துட்டு சிரிச்ச. பேசாதன்னு என் வாயக் கட்டனதும் நீதான். என் அறுநூற வை."

"மெதுவா பேசு மா, கஸ்டமர் கீறாரு."

"கஸ்டமருக்கும் கேக்கட்டும்." அதையே தெலுங்கிலும் சொன்னேன், இன்னும் சத்தமாக. வெளியே பந்தியில் பேச்சு நின்றது. குழந்தையின் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இவ்ளோ சின்ன விஷயத்துக்கு ஏம்மா இப்படிக் கத்தறே" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, குழந்தையை இழுத்துக்கொண்டு போனார். சின்ன விஷயமாம். சின்ன விஷயம் என்றால் அவரே கொடுத்திருக்கலாமே!

காண்ட்ராக்டர் கதவைச் சாத்தினார். பாக்கெட்டிலிருந்து இருநூறு எடுத்து என் கையில் திணித்தார். "வாய மூடு. மீதிய அடுத்த ஃபங்ஷன்ல பாத்துக்கலாம்."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பலூன் அக்கா கூடவே வந்தாள். "நீ கேட்டது நியாயம்தான்டி" என்றாள்.

"அத உள்ளயே சொல்லி இருக்கலாமே அக்கா."

"எனக்கும் வேல வேணுமில்ல?"

நான் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் நடுரோட்டில் சண்டை ஆகியிருக்கும்.

வீட்டுக்குப் போனபோது என் மகள் செல்போனில் ஒட்டகம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நரி பழி போட்டுக்கொண்டிருந்தது, ஒட்டகம் தலையைக் குனிந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருப்பேன். புதுப் போன் வாங்கக் காசு இல்லை என்பது அந்த நேரத்திலும் ஞாபகம் வந்தது. பயந்தவளின் புத்தி அது.

"அத பேசச் சொல்லுடி" என்றேன்.

"அது ஒட்டகம் மா. பேசாது."

"பேசாததாலதான் தினமும் ஒத வாங்குது. நீ பேசு. யாராவது உன்மேல பழி போட்டா அங்கயே, அப்பவே கத்து. காத்து வருதான்னு பாத்துக்கினு நிக்காத."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடியும் பார்க்க ஆரம்பித்தாள்.

அடுத்த ஃபங்ஷனுக்குக் காண்ட்ராக்டர் என்னைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. திமிலைத் தைத்துவிட்டார்களாம், உள்ளே வேறு யாரோ நிற்கிறார்களாம். நான் ஞாயிறு தோறும் ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நின்றே அவருக்குப் போன் போடுகிறேன். ரிங் போகும்போது இன்றைக்கும் பயம்தான். ஆனாலும் போடுகிறேன். சில நாள் எடுக்கிறார், "இன்னும் வுடலியா நீ?" என்கிறார். "வுடல அண்ணா" என்கிறேன். எனக்கு வர வேண்டியது இன்னும் நானூறு ரூபாய்.