இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

சாலவாக்கம் போகும் டவுன் பஸ் அன்று காலை எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடியே, "சார், உங்க ஏகாம்பரம் வாத்தியாரு பூட்டாரு. தூக்கத்துலயே போய்ட்டாராம்" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார். வருகைப் பதிவேடு என் முன்னால் திறந்திருந்தது. முதல் பெயரைக் கூப்பிட வாய் வரவில்லை. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அவருடைய சிரிப்பைத்தான் சொல்வீர்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பக்கத்து வகுப்பில் பதினோரு வருஷம் பாடம் நடத்திய எனக்கு, அவரை நினைத்ததும் முதலில் வருவது பயம். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

அவருடைய மனைவி இறந்து காரியம் முடிந்த மறுநாளே பள்ளிக்கு வந்துவிட்டார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் அடிப்பிடித்த சோறு. "இப்பதான் கத்துக்கினு கீறேன். கொஞ்சம் துன்னு பாருங்க சார்" என்று சிரித்தபடி பாதியை எனக்குத் தள்ளினார். 'இந்தாளுக்கு நெஞ்சா, கருங்கல்லா?' என்று ஊரே கேட்டது. நானும் கேட்டேன். "எங்க வூட்ல கொழந்த இல்ல சார். அதனால சாமிக்கு நானே கொழந்த. கையப் புடிச்சிக்கினு அம்மா போற எடத்துக்கெல்லாம் போவேன், அவ்ளோதான்" என்றார்.

அடுத்த வருஷம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருளர் குடியிருப்பில் ஓராசிரியர் பள்ளி திறந்தார்கள். முதலில் போனவர் ஒரே மாதத்தில் பாம்பு கடித்து இறந்தார். பிறகு அங்கே போக ஆளில்லை. யாருக்காவது விருப்பமா என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தபோது ஏகாம்பரம் அதை இரண்டு முறை படித்தார்.

"வேணாம் சார். போனவரு பொணமாத்தான் திரும்பினாரு" என்றேன்.

"ஆத்தாவக் கேட்டுடலாம். பொட்டலத்த நீங்களே கட்டுங்க."

எங்கள் பக்கத்தில் பூக்கட்டிப் பார்க்காமல் எந்தக் காரியமும் நடக்காது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. ஏகாம்பரம் மட்டும் தானே கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்.

உச்சி வெயிலில் ஏரிக்கரை எல்லையம்மன் கோவிலுக்குப் போனோம். எங்களைத் தவிர யாருமில்லை. அவர் ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருக்க, நான் கோவிலுக்குப் பக்கவாட்டில் நின்று, கையிலிருந்த நந்தியாவட்டையைப் புதரில் எறிந்துவிட்டு, இரண்டு பூவரச இலையிலும் சிவப்பு அரளியையே வைத்துக் கட்டினேன். தெய்வக் குற்றம்தான். நண்பன் உயிரோடு இருந்தால் போதும் என்று இருந்தது.

இரண்டையும் அம்மன் முன்னால் போட்டேன். அவர் கண்ணை மூடிக் கையை நீட்டி, ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே வெள்ளை நந்தியாவட்டை இருந்தது. காற்றே இல்லை. அந்த வெயிலிலும் பூ விடியற்காலையில் பறித்ததுபோல் ஈரமாக இருந்தது.

"சரிம்மா" என்றார், கடைக்கு அனுப்பிய பிள்ளையைப் போல. அவர் முன்னால் நடந்ததும் மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதில் சிவப்பு அரளி, நான் வைத்தபடியே. புதரில் தேடினேன். நான் எறிந்த நந்தியாவட்டையும் வாடிப்போய் அங்கேயே கிடந்தது. அன்றிலிருந்து அந்தக் கோவில் வழியாக நான் தனியே போவதில்லை.

ஒன்பது வருஷம் அவர் அங்கே பாடம் சொன்னார். ஒரு எறும்புகூட அவரைக் கடிக்கவில்லை. நான் செய்ததை அவரிடம் சொல்லத்தான் எனக்குத் துணிவு வரவில்லை.

நேற்று இருளர் குடியிருப்பில் நடந்த அவர் காரியத்துக்குப் போயிருந்தேன். அவருக்குச் சோறாக்கிப் போட்ட கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டுலயும் செகப்பு வெச்சது நீதானா?"

"உனக்கு யார் சொன்னது?"

"அவருதான். நீ கட்டும்போது திரும்பிப் பாத்தாராம். என் சிநேகிதன் என்ன வுடமாட்டேங்கறான், பாவம்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"தெரிஞ்சுமா கைய நீட்டினாரு?"

"நானும் அதத்தான் கேட்டேன். வெக்கறவன் என்னா வெச்சா இன்னா, குடுக்கறவ குடுக்கறதுதான வரும்னாரு."

அங்கேயே நின்று அழுதேன். அந்த நடுங்காத கையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் அவர்.

கிளம்பும்போது அவருடைய பள்ளியை எட்டிப் பார்த்தேன். ஆசிரியர் இல்லாமலே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இன்று காலை அங்கே மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. பூக்கட்டிப் பார்க்கவில்லை. எதை வைத்துக் கட்டினாலும் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.