காலி கேசட் கேட்பவர்

பொத்தானை அழுத்திவிட்டு செல்லப்பா காதைச் சாய்த்துக்கொள்கிறார். கேசட் சுற்றுகிறது. உஸ்ஸென்ற சத்தத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். பிறகு திருப்பிப் போட்டு இன்னொரு அரை மணி. இரண்டு பக்கமும் காலிதான் என்று காது சம்மதித்த பிறகே கிட்டாரை மடியில் எடுத்துவைக்கிறார்.

"கச்சேரிக்கு அழைச்சிண்டு போனா பாதியில எழுந்து வந்துடுவார். ஒண்ணுமில்லாத்த டேப்பை மட்டும் ஒரு மணிக்கூர் கேப்பார், கேட்டேளா!" என்று அவர் மனைவி காமாக்ஷி வருகிறவர்களிடம் சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். காரணம் அவளுக்கும் தெரியும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. செல்லப்பாவுக்கு வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் வேலை. கப்பலுக்குப் போகும் மூட்டைகளை எண்ணுகிற குமாஸ்தா. வயது நாற்பத்திரண்டு. நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. இந்த மனிதர் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறார், அதுவும் ராக் வாசிக்கிறார் என்றால் படகில் கூட வருகிறவர்களே நம்புவதில்லை. பாட்டு கிடையாது, வெறும் கம்பிதான். ஏன் என்று கேட்டால், "ஆறு நாள் வாய் ஓயாம எண்ணறேன். ஞாயராழ்ச்ச வார்த்தையே வேண்டா" என்பார்.

கிட்டார் கடையில் வாங்கியதல்ல. வீணைக்கு வைத்திருந்த பலாப் பலகையைத் தச்சர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கி, தானே அறுத்து இழைத்தார். கம்பிக்கு அடியிலுள்ள காந்தத்தில், உடைந்த டெலிபோன் மணிக்குள் இருந்த மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றினார். ஆம்ப்ளிஃபயர் என்று தனியாக எதுவும் இல்லை. மாமனார் கொடுத்த வால்வு ரேடியோவின் முதுகில் ஒயரைச் செருகி, சத்தத்தைக் கடைசிவரை திருகிவிடுவார். ரேடியோ தாங்கமாட்டாமல் கரகரக்கும். அந்தக் கரகரப்புதான் அவருக்கு வேண்டியது.

இரண்டு டேப் ரிக்கார்டர் வைத்திருக்கிறார். தடித்த கம்பியில் தாளத்தை மட்டும் முதலில் ஒன்றில் பதிவார். பிறகு அதை ஓடவிட்டுக் கூடவே வாசிக்க, மற்றது இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். விற்பதில்லை. கேட்டவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பார். வாங்குகிறவர் இன்னொருவருக்குப் பிரதி எடுத்துத் தரவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இப்படியே அவர் வாசிப்பு அவர் பார்த்திராத ஊர்களுக்கெல்லாம் போயிருக்கிறது.

இத்தனைக்கும் கேசட் எங்கிருந்து வரும்? கல்ஃபுக்குப் போன பிள்ளைகள் கடிதம் எழுதுவதில்லை, கேசட்டில் பேசி அனுப்புகிறார்கள். கேட்டு முடித்த கேசட்டுகள் மட்டாஞ்சேரி வீடுகளில் குவிந்து கிடக்கும். அவற்றை வாங்கிவந்து அவற்றின் மேலேயே வாசித்துவிடுவார். அழிக்கக் கூடாத கேசட் என்றால் அதன் முதுகு மூலையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை ஸ்க்ரூட்ரைவரால் நெம்பி உடைத்துவிடுவார். உடைத்த கேசட்டில், பதிவு செய்கிற சிவப்புப் பொத்தான் இறங்காது. அந்தப் பொத்தானை நம்பித்தான் அவர் கேசட்டுகளைப் பெயர் எழுதாமல் போட்டுவைத்திருந்தார்.

எண்பத்தொன்றாம் வருஷ மழைக்காலத்தில் ஒச்சம்மாள் ஒரு கேசட்டோடு வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கிடங்கில் சுக்கு புடைக்கிறவள். அவளுடைய ஒரே மகன் ராமர் துபாயில் கட்டட வேலையில் இருந்தான். ஒரு பக்கம் முழுக்கப் பேசி அனுப்பியிருந்தான். அவளிடம் டேப் ரிக்கார்டர் இல்லை. கேசட்டை இவர் வீட்டிலேயே வைத்துவிட்டு, ஞாயிறுதோறும் நாலு மணிக்கு வந்து கேட்பதாக ஏற்பாடு. செல்லப்பா வழக்கம்போல ஸ்க்ரூட்ரைவரை எடுத்ததும் அவள் பதறிப்போனாள்.

"எம் மவன் அனுப்புன சாமானை ஒடைக்காதீக, சாமி!"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிள்ளை அனுப்பியதில் கீறல்கூட விழக் கூடாது என்றாள். சரி என்று அப்படியே வைத்தார்.

ஐந்தாவது ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, விரல்கள் தாமாகவே ஓடத் தொடங்கின. வழக்கமாக ஐந்து நிமிஷம் வாசிப்பார். அன்று நிற்கவில்லை. கைக்கு அகப்பட்ட கேசட்டைப் போட்டார். சிவப்புப் பொத்தான் இறங்கியது. அரை மணி நேரம் ஒரே மூச்சில் வாசித்தார். அப்படி அவர் அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. கடைசிக் கம்பி அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிந்ததைப் போட்டுக் கேட்டார். வாசிப்பு முடிந்த இடத்தில், மிச்சமிருந்த நாடாவில், ராமரின் குரல் வந்தது.

நாலு மணிக்கு வந்த ஒச்சம்மாளிடம் கரண்ட் இல்லை என்றார். அடுத்த வாரம் மிஷின் ரிப்பேர் என்றார். பையனிடமிருந்து இன்னொரு கேசட் வந்துவிடும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மூன்றாவது வாரம் தந்தி வந்தது. சாரத்திலிருந்து விழுந்து ராமர் போய்விட்டான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

அன்று அவள் அழாமல் வந்து உட்கார்ந்தாள். "அவனப் போடுங்க சாமி."

செல்லப்பா எழுந்துபோய்க் கேசட்டைப் போட்டார். கிட்டார் கரகரத்தது. அவள் மிஷினைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அரை மணி நேரம் கிட்டார் மட்டும்தான். கடைசியில் அது வந்தது: "டேப்பு தீரப்போவுதும்மா. மழையில நனையாத. சாயாவக் குடிச்சே பொழுத ஓட்டாத, சோறு தின்னு. வெச்சிரவா?"

"என் கை செஞ்ச பாவம், ஒச்சம்மா. அவன் பேசினதுக்கு மேலே வாசிச்சுட்டேன். இவ்வளவுதான் பாக்கி" என்றார் செல்லப்பா. அவள் எழுந்து படியிறங்கிப் போனாள். அவர் அன்றிரவு சாப்பிடவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று காமாக்ஷியிடம் சொல்லி அழுதார்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு அவள் வந்தாள். குரல் இருக்கும் இடத்துக்கே நாடாவை ஓட்டப்போனவரின் கையைத் தடுத்தாள். "ஓட்டாதீக. மொதல்ல இருந்து விடுங்க. அவன் இருந்த எடமில்ல அது?"

மூன்று வருஷமாக அப்படித்தான். அவள் மகனுக்காகக் காத்திருப்பாள். அவர், தான் வாசித்ததிலேயே உயர்ந்ததைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். அதை மட்டும் யாருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்ததில்லை. புதிதாக வாசிப்பதற்கு முன் காலி கேசட்டை முழுக்கக் கேட்கும் பழக்கமும் அப்போது வந்ததுதான்.

போன மாதம் களமசேரியிலிருந்து நாணு வந்திருந்தான். தொழிற்சாலையில் ஃபிட்டர், செல்லப்பாவின் கேசட்டுகளைக் கூட்டாளிகளிடம் பரப்புகிறவன். வந்த நேரம் நாலு மணி. கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அவன் செருப்பைக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இரு தம்பி," என்றாள் ஒச்சம்மாள், "இப்ப மேல ஏறுவாரு பாரு."

அவள் சொன்ன இடத்தில் கிட்டார் ஏறியது. செல்லப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

கடைசியில் ராமரின் குரலும் வந்து ஓய்ந்த பிறகு நாணு மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, இதுக்கு ஒரு காப்பி கிட்டுமோ?"

"இது என்னோடதில்லைடா. ஒச்சம்மாவோடது."

"குடுங்க சாமி" என்றாள் அவள். "அம்புட்டு நேரம் ஒக்காந்து கேட்டாத்தான எம் மவன் பேசுவான்? நாலு பேரு கேக்கட்டும்."

இரண்டாவது மிஷினில் வேறொரு கேசட்டைப் போட்டு, செல்லப்பா தயங்கினார். "பேச்சு வர இடத்துல நிறுத்திடட்டா?"

"நிறுத்தாதீக."

பிரதி எடுத்து முடிந்தது. நாணு அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டான். ஒச்சம்மாள் தன் கேசட்டைக் கையில் வாங்கி, திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள்.

"அன்னைக்கு ஒரு மூலைய ஒடைக்கணும்னீகளே. இப்ப ஒடைங்க."

ஸ்க்ரூட்ரைவரை அவர் மூலையில் கொடுத்து நெம்பினார். இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை டக்கென்று துண்டு தெறித்துப் போனது. ஒச்சம்மாள் குனிந்து, தரையெல்லாம் தடவித் தேடி, அரிசியளவு இருந்த அந்தப் பிளாஸ்டிக்கை நகத்தால் கிள்ளி எடுத்தாள். சேலை முந்தானையில் வைத்து, இறுக்கி முடிந்துகொண்டாள்.