கீழ்வீட்டுக்காரரைத் தெரியாது

எனக்கு ஒன்பது வயதான அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு நீதிமன்றங்கள் நடந்தன. ஒன்று மேல்மாடியில், எங்கள் குசினியில், சாப்பாட்டு மேசையைச் சுற்றி. மற்றது கீழ்த்தளத்தில், ஹெயிட்டியிலிருந்து வந்து குடியேறிய கீழ்வீட்டுக்காரரின் தொலைக்காட்சிக்கு முன்னால். வழக்கு என்னவோ ஒன்றுதான். கனடாவில், எங்கள் செயின்ட்-மிஷேல் பகுதியில், எங்களுக்கு நான்கு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்து, உலகப் பட்டம் வரை போன குத்துச்சண்டை வீரர் ஒருவர் தம் மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்தார். கீழ்வீட்டுக்காரரைப் போலவே அவரும் கறுப்பர். இறந்துபோனவர் வெள்ளைக்காரர். டெபனர் என்று நாங்கள் சொல்லும் மூலைக் கடையில், பால் வைக்கும் குளிர்ப்பெட்டிக்கு மேலே, கையுறைகளை உயர்த்தியபடி அவர் நிற்கும் படம் பல வருடங்களாகத் தொங்கியது. வழக்குத் தொடங்கிய வாரம் கடைக்காரர் அதைக் கழற்றினார். இரண்டு நாளில் திரும்பவும் மாட்டினார். கழற்றியதற்கும் ஆட்கள் சண்டைக்குப் போனார்கள், மாட்டியதற்கும் போனார்கள்.

இரண்டு நீதிமன்றங்களுக்கும் தவறாமல் சமூகமளித்தவள் நான் ஒருத்திதான். அப்பா டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். அம்மா தையல் தொழிற்சாலையிலிருந்து ஆறு மணிக்குத்தான் வருவார். அப்பாவின் தம்பியான என் சித்தப்பா, ஊரிலிருந்து வந்து இரண்டு வருடமாகி, எங்கள் சின்ன அறையில் தங்கிப் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆகவே பாடசாலை விட்டதும் கீழ்வீட்டுக்காரரின் மனைவி என்னைக் கூட்டிவந்து, அம்மா வரும்வரை தம்மோடு வைத்திருப்பார். அம்மா அவர்களைக் கீழ்வீட்டு அண்ணை, கீழ்வீட்டு அக்கா என்றே சொல்வார். என் பாடசாலை நாட்குறிப்பான அஜெண்டாவின் முதற்பக்கத்தில், அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர்கள் என்ற இடத்தில், அம்மாவின் பெயருக்குக் கீழே கீழ்வீட்டு அக்காவின் முழுப்பெயரையும் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் நானே எழுதியிருந்தேன். என் கையெழுத்தைப் பற்றி எனக்கு அப்போதே கொஞ்சம் கர்வம் உண்டு.

நீதிமன்றத்துக்குள் படம் பிடிக்க அனுமதியில்லை என்பதால், தொலைக்காட்சியில் ஓர் ஓவியர் வரைந்த படங்களைக் காட்டுவார்கள். ஒரு நாள் வரைந்ததைவிட மறுநாள் அந்த வீரர் கறுப்பாக இருப்பார். அதற்கடுத்த நாள் இன்னும் கறுப்பாக. ஓவியரின் மண்ணிறப் பென்சில் தீர்ந்துபோயிருக்கும் என்று நான் எண்ணினேன். கீழ்வீட்டு அக்கா ஒன்றும் எண்ணவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு வாழைக்காய் பொரிக்கப் போவார். பொலிஸை அழைத்தவரே அந்த வீரர்தான். வந்தவர்கள் முதலில் அவருக்குக் கைவிலங்கு போட்டுவிட்டுத்தான் என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று விசாரணையில் கேட்டபோது, ஒரு பொலிஸ்காரர், "அவர் பெரிய உருவம்" என்று பதிலளித்தார். அன்று கீழ்வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய், ஏற்கெனவே அள்ளிய பனியைத் திரும்பவும் அள்ளிக்கொண்டு நின்றார். அவர் நகரப் பேருந்து ஓட்டுபவர், உயரமானவர், எங்கள் படியில் ஏறும்போது நிலையில் தலை முட்டாமல் குனிவார்.

"அவன் செய்தானோ இல்லையோ எனக்குத் தெரியாது," என்று அவர் ஒருமுறை மனைவியிடம் சொன்னார். "அவர்களுக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி நடந்துகொண்டார்கள். அதுதான்."

மேல்மாடியில் வழக்கு இவ்வளவு நாள் இழுக்கவே இல்லை. முதல் கிழமையே சித்தப்பா தீர்ப்பளித்துவிட்டார்.

"பொலிஸ் சும்மா பிடிக்குமோ, அண்ணை? இது கனடா."

"உன்னைக் கொழும்பிலை பிடிச்சது என்னத்துக்கு?" என்றார் அப்பா.

"அது அங்கை."

"அங்கையும் ஒருத்தன் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, பொலிஸ் சும்மா பிடிக்குமோ எண்டு கேட்டிருப்பான்ரா."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு கதை."

அம்மா சோற்றுப் பானையை மேசையில் சற்றுப் பலமாகவே வைத்தார். "ரெண்டு பேரும் அந்தாளைப் பற்றியே கதையுங்கோ. செத்தது ஒரு பொம்பிளை. அவளின்ரை தாய் ஒவ்வொரு நாளும் அங்கை வந்து குந்தியிருக்கிறா. அவவைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

இரண்டு நீதிபதிகளும் சோற்றைப் போட்டுக்கொண்டார்கள். அம்மா சொன்னதை நான் கீழே கொண்டுபோகவில்லை. ஒரு வீட்டில் கேட்டதை மற்ற வீட்டில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

சொல்லாமலிருப்பதில் எனக்குப் பயிற்சி தந்தவர் சித்தப்பாதான். பொலிஸைக் கண்டால் ஓடக்கூடாது, அடையாள அட்டை எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கவேண்டும் என்று அவரிடம் சில விதிகள் இருந்தன. எனக்கு அட்டையே இல்லை என்பது அவருக்குப் பெரிய குறையாகப் படவில்லை. முக்கியமான விதி வேறு. "பொலிஸ் ஆரையும் காட்டித் தெரியுமோ எண்டு கேட்டால், தெரியாது எண்டு சொல்லவேணும், பிள்ளை. எவ்வளவு விருப்பமான ஆளெண்டாலும். விருப்பமான ஆளெண்டால் கட்டாயம் அப்பிடித்தான் சொல்லவேணும்." வாய்ப்பாட்டைப் போல அதையும் நான் பாடமாக்கி வைத்திருந்தேன்.

தீர்ப்பு வரும் என்று எதிர்பார்த்த வியாழக்கிழமை, அந்த வீரர் பயிற்சி செய்த கூடத்துக்கு முன்னால் காலையிலிருந்தே சனம் கூடத் தொடங்கியது. மூலைக்கு மூலை பொலிஸ் வாகனங்கள். என்னை நடத்திக் கூட்டிவர மனைவியை அனுப்ப விரும்பாமல், காலைவேலை முடித்து உடை மாற்றிய கீழ்வீட்டுக்காரரே காரில் வந்தார். வழியில் வகுப்பு முடிந்து நின்ற சித்தப்பாவையும் ஏற்றினார். சித்தப்பா முன்னால், நான் பின்னால். வானொலி தாழ்வாகப் பேசிக்கொண்டிருந்தது. இரண்டு சந்தி கடந்திருப்போம். பின்னால் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் சுழன்றது.

கீழ்வீட்டுக்காரர் ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி, வானொலியை நிறுத்தி, இரண்டு கைகளையும் விரல் விரித்து ஸ்டியரிங் சில்லின்மேல் வைத்தார். எல்லாம் மிக மெதுவாக நடந்தது. சித்தப்பாவும் தமக்குத் தெரிந்ததைச் செய்தார்: பட்டப்பகலில் காரின் உள்விளக்கைப் போட்டார். ஊரில், ஆமியின் சோதனைச் சாவடிகளில் அப்படித்தான் போடவேண்டுமாம். பிறகு அட்டையை எடுத்து, ஒருவரும் கேட்காமலேயே, முகத்துக்கு நேரே பிடித்தார்.

வந்தவர்கள் இரண்டு பேர். இளம் பொலிஸ்காரர் கார் யாருடையது, எங்கே போகிறீர்கள் என்று கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, சுற்றிவந்து சித்தப்பாவிடம் குனிந்தார். பிரெஞ்சில் கேட்டதற்கு மறுமொழி வராமற்போக, கீழ்வீட்டுக்காரரைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார்: இந்த ஆளைத் தெரியுமா?

"நோ சேர்," என்றார் சித்தப்பா. "நோ. நோ."

அவருடைய குரலில் அவ்வளவு உறுதியை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. இளம் பொலிஸ்காரர் நிமிர்ந்து மற்றவரைப் பார்த்தார். அந்தப் பெண் பொலிஸ் என் பக்கக் கதவைத் திறந்து, என் உயரத்துக்குக் குந்தி, சிரித்த முகத்தோடு பிரெஞ்சில் கேட்டார்: "இந்த ஐயாவை உனக்குத் தெரியுமா, குஞ்சு?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் கண்களை ஒருமுறை மூடித் திறந்தார்.

"தெரியாது," என்றேன். வகுப்பில் மறுமொழி சொல்வதுபோலத் தெளிவாக.

உள்கண்ணாடியில் கீழ்வீட்டுக்காரரின் கண்கள் என்னைப் பார்த்தன. அவற்றில் கோபமில்லை. சரியாகக் கூட்டிய கணக்குக்கு வேறு விடை வந்தால் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தது. அவரை இறங்கச் சொன்னார்கள். கைகளைக் காரின் கூரையில் வைக்கச் சொன்னார்கள். பிறகு பின்னுக்கு எடுத்து விலங்கு போட்டார்கள். கரைந்த பனியின் சேற்றில் அவருடைய துடைத்து மினுக்கிய சப்பாத்துகள் நின்றன. எதிர்ப்பக்கத்தில் ஆட்கள் தொலைபேசிகளை உயர்த்திப் படம் பிடித்தார்கள். "அவனும் பெரிய உருவமோ?" என்று ஒரு கிழவர் கத்தினார். கீழ்வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பேருந்தில் அடுத்த தரிப்பிடத்தை அறிவிப்பதுபோன்ற குரலில் சொன்னார்: "பிள்ளையின் பையில் அஜெண்டா இருக்கிறது. முதற்பக்கத்தைப் பாருங்கள்."

பெண் பொலிஸ் பார்த்தார். கீழ்வீட்டு அக்காவின் குடும்பப் பெயரையும் விலாசத்தையும் கீழ்வீட்டுக்காரருடைய சாரதி அட்டையோடு ஒப்பிட்டார். அந்த இலக்கத்தை அழைத்தார். அக்காவின் குரல் கண்ணாடிக்கு வெளியிலிருந்தும் எனக்குக் கேட்டது. பிறகு விலங்கைக் கழற்றினார்கள்.

"ஏன் பொய் சொன்னாய்?" என்று பெண் பொலிஸ் என்னிடம் கேட்டார். கடுமையாக அல்ல; உண்மையிலேயே அறிய விரும்பியவர்போல. நான் அஜெண்டாவுக்காகக் கையை நீட்டினேன். அஜெண்டாவைத் தந்துவிட்டு, எல்லோருக்கும் நல்ல நாளாகட்டும் என்று வாழ்த்திப் போனார்கள்.

கார் உடனே புறப்படவில்லை. கீழ்வீட்டுக்காரர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். சித்தப்பா திடீரெனத் தமிழில் பேசத் தொடங்கினார், அவரைப் பார்த்து, அவருக்கு விளங்கும் என்பதுபோல.

"எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தவன், அண்ணை. ஒரே வாங்கிலை இருந்து படிச்சனாங்கள். றோட்டிலை மறிச்சு வைச்சுக்கொண்டு, இவனைத் தெரியுமோ எண்டு ஆமிக்காரன் என்னைக் கேட்டான். நல்லாத் தெரியும், என்னோடை படிச்சவன் எண்டு சொன்னன். சொன்னால் விட்டிடுவாங்கள் எண்டுதான் சொன்னன். அவனைக் கொண்டுபோனாங்கள். அவனைத் தெரிஞ்சவன் எண்டு பேந்து என்னையும் கொண்டுபோனாங்கள். நான் வந்தன். அவன் வரேல்லை. அதுக்குப் பிறகு ஆரையும் தெரியும் எண்டு நான் சொன்னதில்லை. உங்களைக் காப்பாத்தத்தான் சொன்னன், அண்ணை." என் பக்கம் திரும்பினார். "சொல்லு, பிள்ளை. எல்லாத்தையும் சொல்லு."

என்னிடம் போதிய பிரெஞ்சு இருந்தது. பாடசாலையில் கட்டுரைக்குப் பரிசுகூட வாங்கியிருந்தேன். ஆனால் அந்தக் கதையை எங்கே பிடித்துத் தூக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆமி ஏன் மறித்தது, சிநேகிதன் எங்கே போனான், தெரியும் என்றால் ஏன் கொண்டுபோக வேண்டும்?

"மன்னிக்கட்டாம்," என்றேன் பிரெஞ்சில்.

கீழ்வீட்டுக்காரர் சித்தப்பாவின் நனைந்த முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மன்னிப்புக் கேட்க இவ்வளவு நேரமா?"

"தமிழ் நீளமான மொழி," என்றேன்.

அவர் தலையசைத்து, வானொலியைப் போட்டு, காரை எடுத்தார். எங்கள் தெருவுக்குத் திரும்பும்போதுதான் தீர்ப்பு வந்தது: குற்றவாளி அல்ல. பயிற்சிக்கூடத்தின் பக்கமிருந்து கார் ஹோர்ன்கள் ஒன்றாக ஒலித்தன. கீழ்வீட்டுக்காரர் ஹோர்ன் அடிக்கவில்லை. வானொலியை நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் முன்போலவே விரல் விரித்து ஸ்டியரிங்கில் வைத்தபடி வீடுவரை ஓட்டினார்.

"என்னடா, உன்ரை தீர்ப்பை மாத்திப்போட்டாங்கள்?" என்று அன்றிரவு வேலை முடிந்து வந்த அப்பா வாசலிலேயே கேட்டார். சித்தப்பா, "எனக்கு ஒண்டும் தெரியாது, அண்ணை," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். "அந்தத் தாய் இனி எங்கை போய் இருப்பா?" என்றார் அம்மா, ஒருவரையும் பார்க்காமல். நடந்ததை அறிந்ததும் கீழே போய் நெடுநேரம் இருந்துவிட்டு வந்தார். அவருக்கும் கீழ்வீட்டு அக்காவுக்கும் பொதுவாக இருந்தவை இருபது சொற்கள் இருக்கலாம்.

சித்தப்பாவின் கதையை முழுமையாகப் பிரெஞ்சில் சொல்ல இப்போது எனக்கு முடியும். கீழ்வீட்டுக்காரர் வீடு மாறிப் போய்ப் பல வருடங்களாகின்றன.

தீர்ப்புக்கு அடுத்த வியாழக்கிழமையும் என்னைக் கூட்டிப்போகக் காரில் வந்தவர் கீழ்வீட்டுக்காரர்தான். நான் ஏறியதும் அஜெண்டாவைக் கேட்டார். முதற்பக்கத்தைத் திறந்து, மனைவியின் பெயருக்குக் கீழே தம்முடைய பெயரை எழுதச் சொன்னார்: முழுப்பெயர், விலாசம், இலக்கம், என்னை ஏற்றிப்போக அனுமதி உண்டு என்று ஒரு வரி. அம்மாவின் கையொப்பம் வாங்கிவரச் சொன்னார். மறுநாள் அதை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, டெபனருக்குக் கொண்டுபோய், அந்த வீரரின் படத்துக்கு எதிரே இருந்த இயந்திரத்தில் இரண்டு பிரதி எடுத்தார். ஒன்றை நான்காக மடித்துப் பணப்பைக்குள் வைத்தார். மற்றதை ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையிலிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே எல்லோருக்கும் தெரியும்படி, காரின் முன்பக்கத்தில் செருகினார்.

அந்த வருடம் முழுவதும் அது அங்கேயே இருந்தது. என் கையெழுத்து அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.