நெஞ்சில் தண்ணீர் தேடிய டாக்டரம்மா

இப்போது இப்படி வாய் ஓயாமல் பேசுகிறேனே, அன்று தர்மபுரி ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினேன். படுத்தாலும் அடைப்பு, உட்கார்ந்தாலும் அடைப்பு. இதயத்தைச் சுற்றித் தண்ணீர் கட்டி நெருக்குகிறது, உடனே எடுக்காவிட்டால் இதயம் நின்றுவிடும் என்று ஒரு டாக்டரம்மா என் மகனிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

அந்த டாக்டரம்மா என் பேத்தி வயது, ஒல்லி. ஸ்கேன் கருவியை என் நெஞ்சில் வைத்து டிவியைப் பார்க்கும்போதெல்லாம் கீழுதட்டைக் கடித்துக்கொள்ளும். பயத்தில் நான் உளறினேன்.

"ஏங்கண்ணு, காரிமங்கலத்துல எங்க கொல்லையில மூணு எடத்துல போர் போட்டும் தண்ணி வரல. இங்க எப்படி வந்துச்சு?"

"எங்க நெறைய இருக்குதுன்னுதான் பாக்கறேன். அசையாதீங்க ஆயா."

"போர் போட்டா மொதல்ல சூடம் கொளுத்துவமே, நீ கொளுத்தலியா?"

"ஆக்சிஜன் ஓடுது ஆயா. கொளுத்துனா எல்லாருமே போயிருவோம்!"

சிரிக்கக்கூட மூச்சில்லை. கண் இருண்டது. செத்தேன் என்றே நினைத்தேன். டிவியில் ஊசி முனையைப் பார்த்தபடியே டாக்டரம்மா அதை நெஞ்சுக்குள் இறக்கியது. அந்தக் கை துளியும் ஆடவில்லை. குழாயில் செம்மண் தண்ணீர் போல வந்தது. வர வர, நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கியதுபோல மூச்சு உள்ளே போனது. அந்த மூச்சின் ருசி இருக்கிறதே, அடேயப்பா!

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது.

"ஏங்கண்ணு, எல்லாம் முடிஞ்சப்புறமா நடுங்கற?"

"இப்பத்தான் ஆயா அதுக்கு நேரம் கெடச்சுது."

நடுக்கம் நிற்கும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பேரைக் கேட்கத் தோன்றவே இல்லை.