நான் அடைத்த பாறை

பனியனுக்குப் பிரிண்ட் அடிக்கும் யூனிட்டில் ஸ்கிரீன் தயாரிப்பது என் வேலை. படம் இருக்கும் இடத்தில் மட்டும் மை இறங்கும் வலைச் சட்டம் அது. ஸ்கிரீனில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் மை கசிந்து துணியில் புள்ளி விழும். அந்தப் பின்ஹோல்களைத் தேடித்தேடி அடைப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

ஒருமுறை வட துருவத்தை ஒட்டிய ஊரிலிருந்து சின்ன ஆர்டர் வந்தது. டி-ஷர்ட்டின் நெஞ்சில் ஒரு கடல்முனையின் வரைபடம், கீழே அதன் பெயர். தமிழில் சொன்னால் ‘திரும்பிய முனை’. யார் திரும்பினார்கள்? எனக்கு மண்டை குடைந்தது. சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினேன். பனிக்கட்டி வழிமறித்ததால் கரையில் காலே வைக்காமல் திரும்பிய கப்பல்காரர்கள் வைத்த பெயராம். அங்கே ரோடு இல்லை, மரம் இல்லை, குடியிருக்க ஆளும் இல்லை. எங்கள் யூனிட் இருக்கும் சந்துக்கே பெயர் கிடையாது. மாவு மில்லுக்குப் பின்னால் என்றுதான் வழி சொல்கிறோம். ஆளில்லாத இடத்துக்குப் பெயர் ஒரு கேடா என்று சிரித்துக்கொண்டேன்.

சாம்பிள் போய்ச் சேர்ந்ததும் ஆர்டர் கொடுத்த அம்மாளிடமிருந்து மெயில் வந்தது. முனைக்கு வெளியே இருந்த பாறை எங்கே என்று கேட்டிருந்தார். அவருடைய அண்ணன் மீன்பிடிக் கப்பலில் சமையல்காரர். அந்தப் பாறையில் மோதித்தான் கப்பல் மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை, அதனால் கல்லறையும் இல்லை. மீனவர்கள் பாறைக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். அவருடைய நினைவு நாளுக்குத்தான் இந்த டி-ஷர்ட்டுகள்.

ஒரிஜினல் படத்தை எடுத்துப் பார்த்தேன். முனைக்கு வெளியே கடுகளவு ஒரு புள்ளி. பின்ஹோல் என்று நினைத்து நானேதான் அடைத்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

புது ஸ்கிரீன் போட்டேன். பிரிண்ட் அடிப்பவருக்கு எரிச்சல். “இத்தனூண்டு புள்ளியில மை காஞ்சு அடைக்குதுன்னு பத்துப் பீசுக்கு ஒருக்கா தொடைக்கோணுமாங்க?”

“தொடைங்க,” என்றேன்.

மறுநாள் செக்கிங் மேசைப் பக்கம் போனால், கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னோடு ஒரு அக்கா அந்தப் புள்ளியைக் குறி வைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நில்லுங்க! அது கறையில்லீங்க.”

“பின்னே என்னங்க?”

“ஒரு ஆளுங்க. இதுக்கு ஆர்டர் குடுத்த அம்மாவோட அண்ணனுங்க. கடல்ல போயிட்டாருங்க.”

அவர் கன்னைக் கீழே வைத்தார். துணியைக் கிட்டத்தில் பிடித்து உற்றுப் பார்த்தார். பிறகு மேசையின் அந்தப் பக்கம் இருந்தவர்களிடம் சொன்னார்:

“ஏனுங்க, அண்ணன் இல்லாத பீசு வந்தா தனியா எடுத்து வெச்சுருங்க.”